மானுக்கு விலைப்பட்டியல் வந்த கதை

தென்னாப்பிரிக்காவில் மான் வேட்டைக்குக் கிளம்புபவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு விலைப்பட்டியல். தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டிக்கு நாள் கட்டணம். சுடும் ஒவ்வொரு விலங்குக்கும் தனித் தொகை. இம்பாலா மானுக்குக் குறைவு, குடு மானுக்கு அதிகம். காயம்பட்டுத் தப்பி ஓடினாலும் பெரும்பாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டும். காட்டு விலங்குக்கு இப்படி விலை வந்தது எப்படி தெரியுமா?

19ஆம் நூற்றாண்டில் அங்கே மான்கள் யாருக்கும் சொந்தமில்லை. தோலுக்கும் இறைச்சிக்கும் கண்டபடி சுட்டார்கள். வரிக்குதிரை வகையான குவாகா பூண்டோடு அழிந்தது. கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. பான்ட்டிபாக் என்னும் மானுக்காக 1931இல் தேசியப் பூங்கா தொடங்கியபோது, அதில் இருந்தவை 17 மட்டுமே.

பண்ணைக்காரருக்கோ மான் என்றால் நஷ்டம்; மாட்டுக்கான புல்லைத் தின்றுவிடும். இன்றைய நமீபியாவில் 1967இல் வந்த சட்டம் இதை மாற்றியது. வேலியடைத்த பண்ணையிலுள்ள மான்கள் நில உரிமையாளருக்கே என்றது. தென்னாப்பிரிக்காவில் 1991இல் வந்த சட்டம், முறையாக வேலியடைத்த பண்ணையிலிருந்து விலங்கு தப்பினாலும் உரிமை போகாது என்றது. செலவுக் கணக்கிலிருந்த மான் சொத்துக் கணக்கில் ஏறியது. பல மாட்டுப் பண்ணைகள் மான் பண்ணைகளாயின, எண்ணிக்கை பெருகியது. சிங்கம், யானை வேட்டையைவிட மான் வேட்டை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிருக்கு விலை வைப்பதா என்று கேட்பீர்கள். எனக்கும் துப்பாக்கி தூக்க மனமில்லை. ஆனால் விலையே இல்லாத காலத்தில் குவாகாவுக்கு நேர்ந்ததையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.