எஃகு ஏன் நீலமாச்சு? - ஒரு குட்டி வரலாறு

மெக்கானிக்கல் படிச்சிட்டு கீபோர்ட் தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். காலேஜ்ல படிக்கும்போது ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில வேக்கம் ஃபர்னஸைத் திறந்தா, வெள்ளி மாதிரி வரவேண்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகமெல்லாம் மஞ்சளும் நீலமுமா மினுங்குது. எனக்கு அழகாத்தான் தெரிஞ்சுது. சூப்பர்வைசர் அண்ணன் முகம்தான் செத்துப் போச்சு. மொத்த லாட்டும் ரிஜெக்ட்! காரணம் அடியேன். முந்தின நாள் மழையில ஃபர்னஸ் கதவை ரொம்ப நேரம் திறந்தே போட்டிருந்தேன்.

இந்த நிறத்துக்குப் பெரிய வரலாறு இருக்குங்க. கொல்லர்களுக்கு இதுதான் தெர்மாமீட்டர். பளபளப்பாத் தீட்டின எஃகைக் காற்றில் சூடாக்கினால் சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 280-ல் ஊதா, 300-ல் நீலம். ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா'விலும், நியூட்டன் 1704-ல் வெளியிட்ட 'ஆப்டிக்ஸ்'லயும் இதைப் பற்றி எழுதியிருக்காங்க. இது சாயம் இல்லை. மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம். சோப்புக் குமிழி மாதிரி.

சரி, காற்றையே வெளியேத்திட்டா? அதுக்கு நல்ல பம்ப் வேணும். ஜெர்மனியில் வொல்ஃப்காங் கேடே 1915-லும், அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் 1916-லும் பாதரச ஆவியில் ஓடும் டிஃப்யூஷன் பம்பைக் கொண்டு வந்தாங்க. 1928-ல் இங்கிலாந்தின் பர்ச், பாதரசத்துக்குப் பதிலா எண்ணெயைப் போட்டார்.

அதோட கதை முடியலை. 1944-ல் எல்லிங்ஹாம் ஒரு வரைபடம் வெளியிட்டார். எந்த உலோகம் எந்த வெப்பத்தில் எவ்வளவு இறுக்கமா ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும்னு அதில் பார்க்கலாம். குரோமியம் பயங்கரப் பேராசைக்காரன்! வெப்பம் குறையக் குறைய அதன் ஆக்சைடு இன்னும் உறுதியாகும். அதனால உச்ச வெப்பத்தில் பளிச்னு இருக்கும் பாகம்கூட, ஆறும்போது கறுத்துடும்.

வேக்கத்தில் கடைசிவரை ஒட்டிக்கிட்டு இருக்கறது பெரும்பாலும் நீராவிதான். திறந்த கதவு வழியா வந்து உள்சுவரில் படிஞ்சு, சூடானதும் கிளம்பும். ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பாகங்களை எண்ணெய்ப் பிசுக்கில்லாமக் கழுவி உலர்த்தணும். கதவைச் சட்டுனு மூடணும். காலி ஃபர்னஸை அப்பப்போ உச்ச வெப்பத்தில் ஓட்டிச் சுத்தம் பண்ணணும். கதவு ரப்பர் வளையத்தில் கசிவு பார்க்கணும். குளிர்விக்க விடும் ஆர்கான், நைட்ரஜன்ல ஈரம் இருக்கக் கூடாது. நல்லா ஆறாம கதவைத் திறக்கவே கூடாது.

அன்னிக்கு அண்ணன் என்னைத் திட்டலை. "தம்பி, உலோகம் பொய் சொல்லாதுப்பா"ன்னு மட்டும் சொன்னார். கொல்லனுக்கு வழிகாட்டின அதே நிறம், என்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு. இப்போ நான் எழுதற கோடுல தப்பு இருந்தா இப்படி நீலமா மாறினா எவ்வளவு நல்லா இருக்கும்! :-)