கொக்கோவும் கிரைண்டரும்: வீட்டுச் சாக்லேட்டின் ஒரு வரலாறு

ஏலப்பாறை தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர். அம்மலைகளிலிருந்து கீழிறங்கினால் அடிமாலி, தொடுபுழைப் பக்கங்களில் கமுகுக்கும் தென்னைக்கும் இடையே கொக்கோ மரங்கள் நிற்கின்றன. கேரளத்தில் கொக்கோ மிகுதியாக விளைவது இடுக்கி மாவட்டத்தில்தான். ஆயினும் இங்கு அது விற்பனைக்குரிய விதையாகவே அறியப்பட்டது. வீட்டில் சாக்லேட்டாகும் பொருளாக நெடுங்காலம் கருதப்படவில்லை.

இந்தியாவில் கொக்கோ முதலில் ஊன்றப்பட்ட இடம் தமிழ்நாட்டின் குற்றாலம். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்பாய்னா தீவிலிருந்து அதைக் கொணர்ந்தது. அம்முயற்சி பெரும் சாகுபடியாக வளரவில்லை. 1965-இல் கேட்பரி நிறுவனம் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் அமைத்த பின்னரே கேரளத்தில் கொக்கோ பரவியது. அவ்வாறு வந்த பயிர், தொடக்கத்திலேயே ஆலையை நோக்கி வளர்க்கப்பட்டது. உழவர் விதையை விற்றார்; அதன் சுவையை அறியும் தேவை அவருக்கு எழவில்லை.

இந்தச் சார்பின் விலை 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்தபோது கொள்முதலும் சுருங்கியது. பலர் மரங்களை வெட்டினர். அடைக்காய் உழவர்க்காக 1973-இல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவு அமைப்பு கொக்கோ கொள்முதலில் இறங்கியது; 1986-இல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையையும் நிறுவியது. விதையை விற்பவர் பண்டம் செய்யவும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்நெருக்கடி தந்த பாடம்.

அந்த அறிவு வீட்டுக்கு எட்டாததன்று. ஈர விதையை வாழையிலையால் மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்கவிட வேண்டும். சாக்லேட்டின் மணத்துக்கு அடிப்படை இதுவே. பின் வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோலுடைத்து, முறத்தில் புடைத்து, சர்க்கரையுடன் அரைக்க வேண்டும். பண்டைய மெக்சிகோவில் இவ்வேலையைச் செய்தது அம்மி போன்ற ஒரு கற்பலகை. நாவில் நெருடாத நயத்துக்கோ ஒரு நாளுக்கு மேல் இடைவிடாது அரைக்க வேண்டும். ஆலையின் தனியுரிமையாக விளங்கியது இந்தக் கட்டமே.

அதை உடைத்த கருவி கோவையிலிருந்து சென்றது. இட்லி மாவுக்காக 1950-களில் அங்கு உருவான வெட் கிரைண்டரின் மேசை வடிவத்தை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீட்டுச் சாக்லேட் ஆர்வலர்கள் கையிலெடுத்தனர். மாவரைக்க நீர் வேண்டும். சாக்லேட்டிலோ ஒரு துளி நீர் பட்டாலும் குழம்பு இறுகிவிடும். அவ்வேறுபாட்டை அறிந்து உலர்ந்த கல்லில் அரைத்தனர். சிறு சாக்லேட் தயாரிப்பாளர் பலருக்கு இன்று அதுவே ஆதாரக் கருவி.

இடுக்கியின் விதையும் கோவையின் கல்லும் அண்டை நிலத்தவை. ஆயினும் கொக்கோவும் அக்கல்லும் இணையக் கடல் கடக்க வேண்டியிருந்தது. உதகையின் 'ஹோம்மேட்' சாக்லேட்டும் பெரும்பாலும் ஆலைக் கட்டியை உருக்கி வார்ப்பதே. 2024-இல் இடுக்கியில் உலர் கொக்கோ கிலோ 1,000 ரூபாயைக் கடந்தது. மறு ஆண்டே பெரிதும் இறங்கியது. விலை ஏறினும் இறங்கினும் அதை வகுப்பவர் தொலைவில் இருக்கிறார். வீட்டு அடுக்களையில் அரைபடும் ஒரு கிலோ கொக்கோ சந்தையை மாற்றாது. ஆனால் தன் விதையின் தரத்தைத் தானே சுவைத்தறிந்த உழவர், வாங்குவோரின் சொல்லை மட்டும் நம்பி விலை பேச வேண்டியதில்லை.