சொல்லைக் கேட்டார்கள், கையை மறுத்தார்கள்: கொள்ளிடக் கரையின் உபதேசியார்கள்

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அரியலூர், பெரம்பலூர் பகுதியின் சிறிய மாதா கோவில்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றைக் கட்டிக் காத்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. இறையழைத்தல் என்றதும் குருமடத்துக்குப் போகும் பையனும் கன்னியர் மடத்துக்குப் போகும் பெண்ணுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். சேரியில் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, குழிமேட்டில் மந்திரம் சொன்ன உபதேசியாரை யாரும் அழைக்கப்பட்டவர் என்று சொல்வதில்லை. அவர் வேலைக்கு வைக்கப்பட்டவர், கோவில் சாவி வைத்திருப்பவர், மணியடிப்பவர். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று பார்க்க முந்நூறு ஆண்டு பின்னே போக வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். காவல் தரும் ஊர் என்ற பெயருக்குப் பொருத்தமான சூழல் அன்று இருந்தது. ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராட்டிய அரசு. அங்கே 1701இல் கிறித்தவர்கள் மீது கடுமையான ஒடுக்குமுறை நடந்தது. வடகரையில் அரியலூர்ப் பாளையம். மழவராயர் கோவிலுக்கு நிலம் தந்தார் என்று தலவரலாறு சொல்லும். தேம்பாவணி பாடிய முனிவரின் ஊர் என்று தமிழ்த்துறை ஏலாக்குறிச்சியைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். நமக்கு வேண்டியது அவர் 1727இல் எழுதிய ஓர் உரைநடை நூல்: வேதியர் ஒழுக்கம்.

யாருக்காக எழுதினார்? வேதியர் என்று அன்று கத்தோலிக்கர் அழைத்தது உபதேசியாரை. நிகண்டில் பாருங்கள், வேதியர் என்றால் பிராமணர். அந்தச் சொல் வேதத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர் என்ற பொருளில் மாதா கோவில் வழியாகச் சேரிக்கும் வந்தது. சொல் வந்தது, சொல்லுக்குரிய இடம் வந்ததா என்பதைப் பிறகு பேசுவோம். இருபது அதிகாரங்கள் கொண்ட அந்த நூல், வேதியர் எப்படி வாழவேண்டும், ஏன் தம் வேலையைப் பெரிதாக எண்ணவேண்டும் என்று சொல்கிறது. அப்படி ஒரு நூல் தேவைப்பட்டதே அன்றைய நிலைமையைக் காட்டும். மதுரை மிஷனில் ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடைத் தூரம் இருந்தது. அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாள் வந்தால் அதிகம். பாவசங்கீர்த்தனமும் பூசையும் அந்தச் சில நாளில். மீதி நாளெல்லாம் வேதியர்தான் திருச்சபை. சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம், ஞாயிறு ஜெபம், திருமணத்துக்கு முன் விசாரணை, சண்டை தீர்த்தல், அடக்கம் எல்லாம் அவர் கையில்.

அந்த மிஷனே சாதியின் கோட்டில் பிரிந்து நின்றது. மேல்சாதியாரிடம் போகச் சந்நியாசி வேடத்தில் ஒரு வகைக் குருக்கள். 1640 முதல் மற்றவர்களிடமும் போகப் பண்டாரசாமிகள். குருவே இப்படிப் பிரிந்து நிற்கையில் சேரிக்குச் சேரியிலிருந்துதானே உபதேசியார் வரவேண்டும்? வந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன ஆண்டுக் கடிதங்களில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றிப் பேச ஆற்றைக் கடந்து தெற்கே போக வேண்டும். ராஜநாயக்கன் கத்தோலிக்கராகப் பிறந்த பறையர். தஞ்சைப் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடியில் டேனிஷ் அரசரின் ஆதரவில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட சுவிசேஷங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. படித்தார், கேள்வி கேட்டார், 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு மாறினார். வீரமாமுனிவர் லுத்தரன்மாரை எதிர்த்து வேதவிளக்கம் எழுதியதும் அந்த நேரத்தில்தான். கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் காகிதத்தில் மோதிக்கொண்டிருந்தபோது, இரு பக்கமும் களத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் உபதேசியார்கள்.

ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை அரசுக்குள் தடையின்றிப் போக முடியாது. ராஜநாயக்கன் போகலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக அந்த ஊர்களில் நடந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகளில் அவர் பேர் இடம்பெறுகிறது. லுத்தரன் சபை முதல் தமிழ்க் குருவை 1733 டிசம்பர் 28இல் அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், கடலூரைச் சேர்ந்த வேளாளர். இரண்டாவது குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. தகுதியில் குறை சொல்ல முடியவில்லை. 1741இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. காரணம் ஒளிக்கப்படவில்லை: பறையர் கையிலிருந்து திருவிருந்து வாங்கச் சூத்திரக் கிறித்தவர்கள் தயங்குவார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். அவர் வாயிலிருந்து வரும் வேதத்தைக் கேட்கலாம். அவர் கையிலிருந்து வரும் அப்பத்தை வாங்க முடியாது. சொல் காற்றில் வருகிறது. அப்பம் விரலில் வருகிறது. ஊர்க் கிணற்றுக்கும் டீக்கடைத் தம்ளருக்கும் இருக்கும் அதே சட்டம் பலிபீடத்துக்கும் போடப்பட்டது. எல்லா விசுவாசிகளும் குருக்களே என்று 1520இல் எழுதிய லுத்தரின் பெயரால் நடக்கும் சபையில் இது நடந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மிஷனரிகளைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் சாதியை விரும்பியதாக நான் நினைக்கவில்லை. சபை உடைந்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தின் விலையை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் கட்டியது. அச்சம் பொய்யும் அல்ல: 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சை, திருச்சியில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

வடகரைக்குத் திரும்புவோம். 1773இல் போப்பாண்டவர் சேசு சபையைக் கலைத்தார். குருக்கள் மேலும் குறைந்தார்கள். பொறுப்பு பாண்டிச்சேரியிலிருந்த பாரிஸ் மிஷன் குருக்களிடம் போனது. 1899இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரிந்து கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊர்களில் நம்பிக்கை அழியாமல் இருந்ததற்கு உபதேசியார்களும், மாலையில் விளக்கேற்றி ஜெபமாலை சொன்ன பெண்களும் காரணம். அந்தப் பெண்களுக்கு உபதேசியார் என்ற பெயர்கூடக் கிடையாது.

20ஆம் நூற்றாண்டில் சட்டம் மாறியது. ஞானஸ்நானம் பெற்ற அனைவருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. தேவை ஏற்படும் இடத்தில் பொதுநிலையினர் நற்கருணை வழங்கலாம் என்று 1973இல் ரோமை அனுமதித்தது. 2021இல் போப் பிரான்சிஸ் வாசகர், பீடப்பணியாளர் பணிகளைப் பெண்களுக்குத் திறந்தார்; அதே ஆண்டு மே மாதம் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட வேலையில் ஒரு பகுதி, அப்பத்தை எடுத்து இன்னொருவர் நாவிலோ கையிலோ வைக்கும் வேலை, இன்று குருவாகாத ஒருவருக்கும் உரியது. சிறிய கோவில்களில் பகிர்ந்த திருப்பணி என்று பேசுகிறவர்கள் குரு பற்றாக்குறையைக் காரணம் சொல்கிறார்கள். என் கவலை வேறு. பகிரும்போது எதைப் பகிர்கிறார்கள்? பெருக்குவதும் மணியடிப்பதும் சேரிக்கும், வாசகமும் நற்கருணையும் நிதிக்குழுவும் ஊருக்கும் என்று பகிர்ந்தால் அது பழைய கணக்குதான்.

இது கற்பனைக் கவலை அல்ல. இதே கும்பகோணம் மறைமாவட்டத்தில், பெரம்பலூருக்கு மேற்கே திருச்சி மாவட்டத்திலுள்ள கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர்கள், கோவில் நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவர்கள் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர் அல்லர். சேரியில் பறையர், கோவிலில் பறையர், அரசுக் காகிதத்தில் மட்டும் வெறும் கிறித்தவர்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் பங்குக் குருவிடம் அனுமதி கேளுங்கள். அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் இருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெயர்களோடு தெருவில் இருக்கும் முதியவர்களிடம் போய், இவர் எந்தத் தெரு, இவர் கையால் யார் யார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பதிவேட்டைக் காட்ட மறுத்தால் அதையும், தேதி போட்டு எழுதுங்கள்.