பாட்டுக்கும் ஒரு ஸனது வேண்டும்

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பல்லாண்டுக் காலமாக மிகுதியும் ஒலித்து வந்த ஆண்குரல் யாருடையது என்று கேட்டால், விடை கூற எவரும் தயங்கமாட்டார். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரலே அது. நோன்புக் காலத்து ஸஹர் வேளையிலும், மீலாது மேடையிலும், நிக்காஹ் பந்தலிலும், கந்தூரித் திடலிலும் அக்குரல் முழங்காத ஊர் தமிழகத்தில் இல்லை. ஆனால், அக்குரலுக்குச் சொல் வழங்கியவர்கள் யார் என்ற அடுத்த வினாவை எழுப்பினால், நம்மில் பெரும்பாலோர் வாய்திறவாது நிற்போம். இந்த மௌனத்தைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகிறது.

திருப்பூரில் நிகழ்ந்த ஒரு நிக்காஹ் வைபவமே இதை எழுதத் தூண்டியது. விருந்து நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடல் எழுந்தது. என் அருகில் பனியன் கம்பெனிகளில் பணிபுரியும் இளைஞர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் மூவர் முஸ்லிம்கள். இருவர் இந்து நண்பர்கள். ஐவரும் பாடலைப் பிழையின்றி முணுமுணுத்தனர். "இதை எழுதியவர் யார் தம்பி?" என்று கேட்டேன். "ஹனீபா அய்யாதானே!" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையசைத்தனர். எதிர்வரிசையில் இருந்த முதிய டெய்லர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "பாடினது அவரு. எழுதினது கிளியனூர் அப்துல் சலாம். யாரு தம்பி இப்ப அதையெல்லாம் கேக்குறாங்க?" என்று கூறிவிட்டு மீண்டும் உணவில் கவனமானார். அவருடைய வினா என்னை விட்டு அகலவில்லை.

குரல் வளர்ந்த வரலாறு

ஹனீபா அவர்கள் 25-12-1919 அன்று தம் அன்னையாரின் ஊர்ப்பக்கமான இராமநாதபுரத்தில் பிறந்தார்கள். தந்தையார் முகம்மது இஸ்மாயில் நாகூரைச் சேர்ந்தவர். நாகூரே அவர்களை வளர்த்தது. பெயரோடு ஒட்டி நின்றதும் அவ்வூரே.

நாகூர், ஹஸ்ரத் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்கள் அடக்கமாகியிருக்கும் தலம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய உயர்ந்த மினாரா இன்றும் கடலோடிகளின் கண்ணுக்கு அடையாளமாக நிற்கிறது. புலவர்களுக்கும் பாடகர்களுக்கும் அவ்வூரில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. மதுரையில் 1901 ஆம் ஆண்டு தோன்றிய நான்காம் தமிழ்ச் சங்கத்தில் இடம்பெற்ற மகாவித்துவான் குலாம் காதிறு நாவலர் நாகூர்க்காரர். தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக சங்கீதத்தில் முறையான புலமை பெற்றவர்.

ஹனீபா அவர்களோ இசையை முறைப்படி கற்றவரல்லர். சிறுவயதில் பைத்து சபையினருடன் சேர்ந்து பாடியதும், திருமண ஊர்வலங்களில் பாடியதுமே அவர்களுடைய பள்ளிக்கூடம். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் பாடம். உச்ச ஸ்தாயியில் நின்றும் ஓர் எழுத்தையும் சிதைக்காத அவர்களுடைய உச்சரிப்பு அங்கு உருவானது.

இளமையில் திருவாரூரில் தங்கியிருந்தபோது கலைஞர் கருணாநிதி அவர்களின் நட்பு வாய்த்தது. சுயமரியாதை இயக்க மேடைகளும், 1949 ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய பின்னர் அக்கழக மாநாடுகளும் அவர்களுடைய குரலுக்குக் களமாயின. பேரறிஞர் அண்ணாவின் அழைப்பைக் கூறும் பாடலும், 1953 ஆம் ஆண்டுக் கல்லக்குடிப் போராட்டத்தைப் போற்றும் பாடலும் பட்டிதொட்டிகளில் ஒலித்தன. மார்க்க மேடையையும் அரசியல் மேடையையும் ஒரே குரலால் ஆண்டவர் அவர்கள். தமிழக சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், வக்ஃபு வாரியத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்கள்.

திரைப்படத்திலும் அவர்கள் பாடியதுண்டு. ஆயினும் அதை நாடிச் சென்றவரல்லர். 1961 இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார்கள். பின்னாளில் இளையராஜாவின் இசையில் 'செம்பருத்தி' (1992) போன்ற படங்களிலும் அக்குரல் கேட்டது. 8-4-2015 அன்று, தொண்ணூற்றைந்தாம் வயதில், சென்னையில் இறையழைப்பை ஏற்றார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன்.

இசைக்கருவிகளைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. மதரஸாவின் வாயிலை மிதித்தறியாத ஏழை உழைப்பாளியின் செவிக்கும் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை எளிய தமிழில் கொண்டு சேர்த்தவை இப்பாடல்கள் என்பதை மட்டும் எவரும் மறுக்கமாட்டார்.

எழுதிய கைகள்

ஹனீபா அவர்கள் பாடகர், பாடலாசிரியரல்லர். பாடல்களை அவர்களுக்கு எழுதித் தந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். நாகூர்ப் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் ஆகியோர் அவர்களுட் சிலர். இவர்கள் மேடையின் நடுவில் நின்றவர்களல்லர். பாடலின் மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும், பாடுபவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதையெல்லாம் அறிந்து, அதற்கேற்பச் சொல்லை அடுக்கித் தந்தவர்கள். அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் உரசாமல் ஓரடியில் அமர வேண்டும். இறைவனைப் பற்றிய வரியில் அகீதாவுக்கு முரணான ஒரு சொல்லும் நுழைந்துவிடக் கூடாது. பாமரனுக்கும் பொருள் விளங்க வேண்டும். இம்மூன்றையும் ஒருசேர நிறைவேற்றுவது எளிய காரியமன்று.

'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலையே நோக்குக. அதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. இரக்கின்ற அடியான், கொடுக்கின்ற இறைவன் என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு அது நிற்கிறது. ஆகவேதான் மார்க்க எல்லைகளைக் கடந்து, பிற சமயத்தாரும் அதைத் தமதாகப் பாடுகின்றனர். குரலின் கம்பீரம் அந்தப் பாடலைத் தொலைவு கொண்டு சென்றது. சென்ற இடத்தில் அதைத் தங்க வைத்தது சொல்லின் எளிமை.

இதனால் ஹனீபா அவர்களின் புகழுக்கு ஒரு குறையும் நேராது. பெயர் மறைந்ததற்கு அவர்கள் காரணருமல்லர். இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் எழுதியவர் பெயர் அச்சாகியிருந்தாலும், அதைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் ஒலிபெருக்கிக்காரர் ஒருவரே. பின்னர் ஒலிநாடா வந்தது. அதன் அட்டையில் பாடகரின் படம் பெரிதாயிற்று. இன்று கைப்பேசியில் பாடல் வருகிறது. எழுதியவர் பெயரோ பல வேளைகளில் முற்றாகவே உதிர்ந்துவிட்டது. கருவி மாறுந்தோறும் ஒரு பெயர் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

பெயரைப் போற்றிய சமுதாயம்

பெயரை மறப்பது நம் மரபன்று. இதை இரு வகையாலும் கூறலாம், தமிழராகவும் முஸ்லிம்களாகவும்.

நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் கூறவேண்டிய எட்டுச் செய்திகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் முதலாவதாக நிற்பது நூலை ஆக்கியவரின் பெயர். நூலின் பெயர் கூட அதற்குப் பின்னரே வருகிறது. உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில், தம்மை ஆதரித்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரின் பெயரைக் காப்பியத்தின் நடுவே பல இடங்களில் பொறித்து வைத்தார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, 1838 ஆம் ஆண்டு சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபு அவர்களோ, உள்ளம் உருகிய வேளையில் தாமே கண்ணிகளைப் பாடினார். பாடியவரும் இயற்றியவரும் ஒருவராகவே நின்றமையால் அவர் பெயர் மறையவில்லை.

மார்க்க மரபோ இன்னும் கண்டிப்பானது. நபிமொழி ஒன்றை ஏற்குமுன் அதன் ஸனதைக் கேட்டவர்கள் நம் முன்னோர். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதன் தரம் குறைந்துவிடும். இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெருமக்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாழ்வையும் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர்களின் பெயர்களை ஆய்வதற்கென்றே ஒரு கலையை உலகுக்கு வழங்கிய சமுதாயம் நம்முடையது. நபிமொழிக்கு உரிய கண்டிப்பைப் பாட்டுக்கு எவரும் கோரவில்லை. ஆயினும், அத்தகைய மரபில் வந்த நாம், நம் வீட்டில் நாள்தோறும் கேட்கும் பாட்டின் ஆசிரியரைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று வெட்கப்படுவதில் தவறில்லை.

பனியனும் பாட்டும்

திருப்பூரில் வாழ்பவனுக்கு இச்செய்தி வேறொரு வகையிலும் உறைக்கும். இவ்வூரின் பின்னலாடைத் தொழிலின் தொடக்கத்தைப் பேசுவோர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகரின் பெயரை முதலில் கூறுவர். அத்தொழில் வளர்ந்து, 1978 ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு வணிகர் ஒருவர் இங்கு வந்து வெள்ளைப் பனியன்களை வாங்கிச் சென்றதே ஏற்றுமதிக்கு வழிகாட்டியது என்பது தொழில்துறையினர் கூறும் செய்தி. நூல் ஒருவர் கையிலிருந்து வருகிறது. நிட்டிங்கில் ஒருவர் துணியாக்குகிறார். சாயப்பட்டறையில் ஒருவர் நிறமேற்றுகிறார். கட்டிங் மாஸ்டர் வெட்ட, டெய்லர் தைக்க, அருகில் கைமடி எடுத்துக் கொடுக்க, செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்து பெட்டிக்குள் செல்கிறது. கழுத்தில் தைக்கும் லேபிளிலோ, தொலைதூர நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் மட்டுமே இருக்கும்.

அந்த இத்தாலி நாட்டில், தானே எழுதித் தானே பாடுபவருக்குக் 'கான்டவுத்தோரே' என்று தனிப் பெயரே உண்டு. பாடகர், ஆசிரியர் என்னும் இரு சொற்களைச் சேர்த்து 1960 ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்கு வந்த சொல் அது. அம்மரபின் முன்னோடியாகக் கருதப்படும் டொமெனிகோ மொடுன்யோ, 1958 ஆம் ஆண்டு சான்ரெமோ இசை விழாவில் ஒரு பாடலால் முதற்பரிசு பெற்றார். 'வொலாரே' என்ற பெயரில் அப்பாடல் உலகெங்கும் பரவியது. அதன் சொற்களை மொடுன்யோவுடன் சேர்ந்து எழுதியவர் பிராங்கோ மிலியாச்சி. பாடகரை உலகம் அறிந்தது. மிலியாச்சியை அறிந்தவர் சிலரே. தானே எழுதிப் பாடுபவருக்குப் பெயர் சூட்டிய நாட்டிலும் உடன் எழுதியவர் நிழலில் நின்றார் என்றால், அப்படி ஒரு சொல்லே இல்லாத நம்மிடையே கவிஞர்கள் மறக்கப்பட்டதில் வியப்பில்லை.

வியப்பில்லை என்பதால் அது நியாயமாகிவிடாது. பெயர் இருந்தாலன்றி உரிமையும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரிமை உண்டு. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒலிப்பதிவான பாடல்களின் வருவாயில் பாடலாசிரியருக்கும் பங்கு வேண்டுமென்று வற்புறுத்துகிறது. எழுதியவர் பெயரே அறியப்படாத பாட்டுக்கு யார் சென்று பங்கு கேட்பது? தந்தை எழுதிய பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, பிள்ளைகள் அதைத் தம் தந்தையினது என்று மெய்ப்பிக்க ஒரு துண்டுத் தாளும் இன்றி நிற்கும் நிலை எந்தக் கவிஞர் வீட்டிற்கும் வரக்கூடாது.

நாம் செய்யத்தக்கது

பெரிய மாநாடுகள் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டின் பரணிலும் பழைய இசைத்தட்டுகளும், ஒலிநாடாக்களும், மீலாது விழா மலர்களும், பாட்டுப் புத்தகங்களும் கிடக்கின்றன. அவற்றை எடையில் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாடலின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டறியுங்கள். பாடலைக் கைப்பேசியில் பரப்பும் இளைஞர்கள், பாடியவர் பெயருக்குக் கீழே எழுதியவர் பெயரையும் சேர்க்கட்டும். விழா மேடையில் பாடுபவர், பாடத் தொடங்குமுன் ஆசிரியர் பெயரை ஒரு வரியில் அறிவிக்கட்டும். மஹல்லா நூலகங்கள் இப்பட்டியல்களைச் சேர்த்து வைக்கட்டும்.

அந்த நிக்காஹ் வைபவத்தின் முடிவில் அந்த இளைஞர்களுள் ஒருவர் முதிய டெய்லரைத் தேடிச் சென்று, "பாய், அந்தக் கவிஞர் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுத் தம் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். 'கிளியனூர்' என்பதை எப்படி எழுதுவது என்பதையும் கேட்டார். பெரியவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

பாடியவருக்கும், எழுதிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றவர்களுக்கும் அல்லாஹ் தன் அருளை நிறைவாக வழங்குவானாக. ஆமீன்.