ஜன்னலுக்கு வெளியே இருந்த ஊர்

2019 ஜனவரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் தெற்குத் தெருவில், 220ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடி வீடு ஒன்று சுமார் 23.8 கோடி டாலருக்கு விற்றது. அமெரிக்காவில் அதுவரை எந்த வீடும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் கென் கிரிஃபின் என்ற நிதி நிறுவன அதிபர். பளிங்கும் கம்பியும் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அவற்றால் மட்டும் இந்த விலை வராது. அவர் பணம் கொடுத்தது வடக்குப் பக்க ஜன்னலுக்கு. அதற்கு வெளியே 843 ஏக்கர் பூங்கா விரிந்து கிடக்கிறது.

அந்த வீடு எழும்புவதற்கு முன்பே காட்சிக்கு ஒரு பேரம் முடிந்திருந்தது. 220ஆம் எண் மனையில் கட்ட நினைத்தது வொர்னாடோ என்ற நிறுவனம். அதற்குப் பின்னால் இன்னும் உயரமான கோபுரம் கட்டத் திட்டமிட்டது எக்ஸ்டெல். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் ஜன்னலை மறைக்கும். எக்ஸ்டெல்லின் கையில் முன்மனையின் ஒரு துண்டும் அங்கிருந்த வாகன நிறுத்தத்தின் குத்தகையும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு வேலையை நகரவிடவில்லை. 2013இல் வொர்னாடோ 19.4 கோடி டாலர் கொடுத்தது. ஒருவர் கோபுரத்தை மேற்கே தள்ளினார், மற்றவர் கிழக்கே தள்ளினார். இருவருக்கும் பூங்கா தெரிந்தது. சண்டை முடிந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் 'எனக்குத் தெரிந்துகொண்டிருந்த காட்சியை மறைக்காதே' என்று கேட்கும் பொதுவான உரிமை கிடையாது. ஆகவே காட்சி வேண்டுமானால் பக்கத்துக் கட்டடத்தின் தலைக்கு மேல் இருக்கும், இன்னும் கட்டப்படாத வெற்றிடத்தை விலைக்கு வாங்க வேண்டும். 'வான்வெளி உரிமை' என்று அதைப் பத்திரத்தில் எழுதி விற்கிறார்கள். ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே சதுர அடி. பூங்கா பார்த்த பக்கம் ஒரு விலை, பின்பக்கம் ஒரு விலை. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, மிகச் சிறந்த கடல் காட்சி ஒரு வீட்டின் விலையை ஏறத்தாழ 60 விழுக்காடு வரை கூட்டுகிறது என்று கணக்குச் சொன்னது. நம் ஊர் விளம்பரங்களில் 'சீ வியூ', 'பார்க் ஃபேசிங்' என்று வருவதும் இதே சரக்குதான்.

உயரத்துக்கு எப்போதும் இந்த மதிப்பு இருந்ததில்லை. படியேறிப் போக வேண்டிய காலத்தில் மேல்மாடி வேலைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் உரியது. மின்தூக்கி வந்த பிறகுதான் அது பணக்காரர் வீடாயிற்று. ஓட்டிஸ் நிறுவனம் ஆட்கள் ஏறும் முதல் தூக்கியை நியூயார்க் பிராட்வேயில் ஒரு கடையில் பொருத்தியது 1857இல்.

அதே 1857இல், அதே நகரத்தில், ஓர் ஊர் காலி செய்யப்பட்டது. செனகா கிராமம் என்று அதற்குப் பெயர்.

இன்று பூங்காவின் மேற்கு ஓரமாக இருக்கும் நிலம் அது. 82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெரு வரை நீண்டிருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், காலணி துடைக்கும் தொழிலாளி, 125 டாலருக்கு மூன்று மனைகள் வாங்கினார். எபிஃபனி டேவிஸ் 578 டாலருக்குப் பன்னிரண்டு மனைகள் வாங்கினார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சியோன் சபையும் ஆறு மனைகள் வாங்கியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1827இல்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எதற்காக ஊருக்கு வெளியே, பாறையும் மேடுமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள்? கீழ் மன்ஹாட்டனின் நெரிசலிலிருந்தும் இனவெறியிலிருந்தும் தள்ளி இருக்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று வாக்கு. 1821ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம், கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும் என்றது. வெள்ளையருக்கு இந்த நிபந்தனை இல்லை. 1840களின் நடுவில் நகரத்தில் வாக்களிக்கத் தகுதி பெற்ற கறுப்பின மக்கள் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் செனகாக்காரர்கள். மனைப் பத்திரம் அவர்களுக்குக் குடியுரிமைச் சீட்டு. நிலம் கையில் இல்லாதவன் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாது என்பதை நம் தாத்தாக்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

1855 கணக்குப்படி அங்கே சுமார் 225 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், மீதியில் பெரும்பாலோர் ஐரிஷ் குடியேறிகள். மூன்று தேவாலயங்கள், பள்ளி, கல்லறைகள் எல்லாம் இருந்தன. கறுப்பினக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்குச் சொந்த வீடு. ஆனால் அன்றைய பத்திரிகைகள் எழுதியதைப் படித்தால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்றுதான் தோன்றும். ஊரையே ஓர் இழிசொல்லால் அழைத்தார்கள். 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் எப்படி வேலை செய்யும் என்று நமக்குப் புதிதாக யாரும் விளக்க வேண்டியதில்லை. 2011இல் தொல்லியல் ஆய்வாளர்கள் அந்த மண்ணைத் தோண்டியபோது, தேவாலய ஊழியர் வில்லியம் வில்சனின் வீட்டு அடித்தளம் கிடைத்தது. இரும்புக் கெண்டி கிடைத்தது, வறுக்கும் தட்டு கிடைத்தது, ஒரு குழந்தையின் செருப்புத் தோல் கிடைத்தது. நிலையாகக் குடும்பம் நடத்தியவர்களின் பொருட்கள்.

பூங்காவுக்கு வேறு இடமும் பேசப்பட்டது. கிழக்கு ஆற்றோரம் ஜோன்ஸ் வுட் என்ற தோப்பு. அது ஜோன்ஸ், ஷெர்மர்ஹார்ன் என்ற பணக்காரக் குடும்பங்களின் சொத்து. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் எதிர்த்து நின்றார்கள். அந்தத் தோப்பை எடுக்கும் சட்டம் 1854இல் ரத்தானது. நடுநகர நிலத்தை எடுக்கும் 1853ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் நின்றது. சியோன் சபை செனகாவில் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அதே 1853இல்தான். பூங்கா நிலம் முழுவதிலுமிருந்து சுமார் 1,600 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

இனி இழப்பீட்டுக் கணக்கு. இந்த வரலாற்றை நாம் எடுத்துப் பேசுவதே இதற்காகத்தான்.

ஆண்ட்ரூ வில்லியம்ஸ் 3,500 டாலர் கேட்டார். 2,335 கொடுத்தார்கள். 125க்கு வாங்கியவருக்கு 2,335 கிடைத்ததே, லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. முப்பது ஆண்டு வீடு கட்டி, ஊர் கட்டி நிமிர்த்திய மதிப்பு அது. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது: பூங்கா வந்தால் அந்த இடத்தின் மதிப்பு என்னவாகும் என்பது. அதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்ல. எழுதிக் கணக்கே போட்டார்கள். நிலம் எடுக்க ஆன செலவு ஏறத்தாழ 50 லட்சம் டாலர். பூங்காவால் உங்கள் மனை விலை ஏறப்போகிறது என்று சொல்லி, அதில் மூன்றில் ஒரு பங்கை அக்கம்பக்க நில உரிமையாளர்களிடம் மேம்பாட்டு வரியாக வசூலித்தார்கள். வேலிக்கு வெளியே இருப்பவனுக்கு எதிர்கால விலையைப் பார்த்தார்கள். வேலிக்கு உள்ளே இருப்பவனுக்கு அன்றைய விலை மட்டும். வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

வரி கட்டியவர்கள் நஷ்டப்பட்டார்களா? பூங்காவைச் சூழ்ந்த மூன்று வார்டுகளின் நில மதிப்பு 1856இல் சுமார் 2.64 கோடி டாலர். 1873இல் 23.6 கோடி. பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட் இந்த ஏற்றத்தைப் பெருமையாகவே எடுத்துக்காட்டினார். (அன்று மூன்று வார்டுகளின் மொத்த மதிப்பும் 2019இல் ஒரு வீட்டின் விலையும் ஏறக்குறைய ஒரே எண். பணவீக்கம் இருப்பதால் ஒப்பிட முடியாத எண்கள்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.) 1884இல் டக்கோட்டா கட்டி முடிந்தது. பிறகு 81ஆம் தெருவில் பெரெஸ்ஃபோர்ட், 90இல் எல்டோராடோ. செனகாவின் இரண்டு எல்லைகளிலும் ஒவ்வொன்று. அவற்றின் ஜன்னல்களுக்கு நேர் கீழே அந்த ஊர் கிடக்கிறது.

1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். செனகா இருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அப்போது அங்கே அடையாளப் பலகை கிடையாது. 2001இல்தான் வைத்தார்கள்.

பிரிட்டிஷ் அரசு நமக்குப் போட்ட 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள் தோழர்களே. எடுக்கப்படும் நிலம் எந்தப் பயனுக்குப் போகிறதோ, அதனால் உயரக்கூடிய மதிப்பை இழப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொகையைக் கூட்டியது உண்மை. ஆனால் சந்தை மதிப்பு எடுக்கும் நாள், முதல்நிலை அறிவிக்கை வெளியான நாள்தான். பட்டா இருப்பவருக்கே இந்த நிலை. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்பதால் அவர்கள் இருந்த இடத்துக்கு விலையே கிடையாது. கரை அழகுபடுத்தப்பட்ட பிறகு, ஆறு பார்த்த மனைக்கு மட்டும் விலை உண்டு.

ஆகவே எங்காவது பூங்கா, ஆற்றோர நடைபாதை, கடற்கரை அழகுபடுத்தல் என்று அறிவிப்பு வந்தால், வெளியேற்றப்படும் குடும்பங்களின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் எடுத்து வையுங்கள். சுற்றியுள்ள தெருக்களின் வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாகக் கிடைக்கிறது. அறிவிப்பு வந்த ஆண்டின் எண்ணை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே தெருவின் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச எழும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.