மேல்தாடைப் பல்செட்டைத் தாங்கும் இம்ப்ளாண்ட்: திருவனந்தபுரம்

பற்கள் முழுவதும் போன மேல்தாடை எலும்பில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின் தலைப்பாகத்தில் பல்செட்டைப் பூட்டி நிறுத்தும் சிகிச்சைமுறை. செட்டை நோயாளியே கழற்றிக் கழுவி மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். இதற்கு இரண்டு துறைகளின் அறிவு வேண்டும். ஒன்று செயற்கைப் பல் கட்டும் கலை. மற்றொன்று குறைந்துபோன எலும்பை மீட்கும் பொருளறிவியல். திருவனந்தபுரத்தில் முன்னதை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் பின்னதை ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமும் வளர்த்தன.

மேல்செட் வாயில் நிற்பதே ஒரு நுட்பம். அகன்ற அண்ணத்தை முழுவதும் மூடிக்கொண்டு, இடையில் உள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தாலும் விளிம்புகளில் காற்று புகாத அடைப்பாலும் அது ஒட்டி நிற்கிறது. கீழ்செட்டுக்கு அந்த வசதி இல்லை. நாக்குக்கு இடம் விட்டுக் குதிரைலாட வடிவில்தான் செய்ய முடியும். எலும்புத் தேய்விலும் கீழ்த்தாடைக்கே பாதிப்பு அதிகம். பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஆன்ட்யே டால்கிரென், கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வதாக 1972இல் எழுதினார். அதனால் இம்ப்ளாண்ட் முதலில் கீழ்த்தாடைக்கே போயிற்று. மேல்செட் பலருக்குத் தானாகவே நின்றது.

நிற்காதவர்களும் உண்டு. எலும்பு கரைந்து ஈறு கொழகொழத்துப் போனவர்கள், உமிழ்நீர் வற்றியவர்கள், அண்ணத்தில் எது பட்டாலும் குமட்டுபவர்கள், பிறவியிலேயே அண்ணப் பிளவு உள்ளவர்கள். இன்னொரு கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மேலே முழு செட்டும், கீழே முன்வரிசையில் சொந்தப் பற்கள் மட்டும் உள்ளவர்கள். அந்தக் கீழ்ப்பற்கள் ஓயாமல் இடித்து இடித்து மேல்தாடையின் முன்பக்க எலும்பைக் கரைத்துவிடும். எல்ஸ்வொர்த் கெல்லி 1972இல் விவரித்த இந்த நிலையில் எத்தனை முறை புதிய செட் கட்டினாலும் சில காலத்தில் ஆடத் தொடங்கும். இம்ப்ளாண்டின் உண்மையான பயன் இவர்களுக்கே.

டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 வாக்கில், முயலின் கால் எலும்பில் பதித்த ஆய்வுக் கருவியைக் கழற்ற முடியாமல் போனபோது கண்டார். 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதல் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை பயன்பாட்டில் இருந்தன. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் இம்முறையை ஏற்றது.

மேல்தாடை அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. பிரோனமார்க் குழுவினர் 1981இல் வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கில் கீழ்த்தாடைத் திருகுகளில் 91 விழுக்காடு நிலைத்திருந்தன; மேல்தாடையில் 81 விழுக்காடுதான். கீழ்த்தாடையின் முன்பகுதி தேக்கு என்றால் மேல்தாடையின் பின்பகுதி முருங்கை. மேலோடு மெல்லியது, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு. அதற்கு மேலே கன்னத்தின் காற்றறை. பல் போனபின் எலும்பு கீழிருந்து தேய, காற்றறை மேலிருந்து இறங்கும். நடுவில் திருகுக்கு இடமே இல்லாமல் போகும். எனவே பிரோனமார்க் முறையில் திருகு எலும்போடு சேரக் கீழே மூன்று, நான்கு மாதம் காத்திருந்தார்கள் என்றால் மேலே ஐந்து, ஆறு மாதம் காத்திருந்தார்கள். 1970களில் அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம் காற்றறையின் சவ்வை உயர்த்தி அடியில் எலும்பு நிரப்பும் அறுவையைத் தொடங்கினார். கன்ன எலும்புவரை செல்லும் நீண்ட திருகுகள் பின்னர் வந்தன. 2002இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல் முழுதும் போன கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்டில் பூட்டிய செட்டே முதல் தேர்வு என்று அறிவித்தார்கள். மேல்தாடைக்கு இரண்டு போதாது. குறைந்தது நான்கு என்பதே பொதுவான பரிந்துரை.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அதன் பல் மருத்துவப் பிரிவாக 1959இல் உருவானதே கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அளவெடுத்து, மெழுகில் பல் வரிசை அமைத்து, அக்ரிலிக்கில் செட் வார்க்கும் அடிப்படைக் கலையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அங்கே கற்றார்கள். அந்த அடிப்படை இல்லாமல் இம்ப்ளாண்ட் வீண். கடிப்பு சரியில்லாத செட்டை நான்கு திருகுகளில் பூட்டினால் திருகுகளுக்குத்தான் கேடு.

சித்திரைத் திருநாள் நிறுவனத்தை 1980இல் நாடாளுமன்றம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு அதற்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த சேது லட்சுமி பாயின் பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, பல்லுக்கும் அரும்பணி செய்தது. ஹைட்ராக்ஸிஅபடைட் பீங்கானையும் உயிர்ச்செயல் கண்ணாடியையும் கொண்டு எலும்புக் குழிகளை நிரப்பும் பொருள்களை அங்கு உருவாக்கினார்கள். எலும்பு குறைந்த தாடைகளுக்கு இத்தகைய பொருள்களே துணை. இதய வால்வுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்காதது வருத்தத்துக்குரியது.

டைட்டானியமும் இக்கரைக்கு அந்நியமல்ல. சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட் அதன் தாது. ஆனால் சவறையில் 2011இல் திறந்த டைட்டானிய உலோக ஆலை விண்வெளித் துறையின் தேவைக்காக எழுந்தது, பல் திருகுகளுக்காக அல்ல.

இன்று நான்கு திருகுகளின் மேல் உருண்டைப் பிடிப்போ லொகேட்டர் என்னும் பிடிப்போ பொருத்துவர், அல்லது உலோகப் பட்டையால் அவற்றை இணைப்பர். நன்கு நின்றால் அண்ணத்தை மூடும் பகுதியைக் குறைத்துவிடலாம். பேச்சு தெளிவாகும், சாப்பாட்டின் சூடும் ருசியும் முன்போல் தெரியும். பிடிப்பில் உள்ள நைலான் வளையங்கள் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் திருகைத் தோற்கடிக்கும்.

செலவு பெரிய தடை. 60 வயது கடந்த ஏழைகளுக்கு இலவசமாகப் பல்செட் கட்டித்தரும் கேரள அரசின் மந்தஹாசம் திட்டம் தருவது வழக்கமான செட். பெரும்பாலோருக்கு அது போதும். எத்தனை முறை கட்டினாலும் செட் நிற்காதவர்களுக்காவது அரசு மருத்துவமனைகளில் இம்ப்ளாண்ட் செலவை அரசே ஏற்க வேண்டும். பணம் கட்டிச் செய்துகொள்பவர்கள், எலும்பின் அளவைக் காட்டும் கோன் பீம் சிடி ஸ்கேன் எடுக்காமல் மேல்தாடையில் திருகு போட ஒப்புக்கொள்ளக் கூடாது.