டிடிடி: கம்ப்யூட்டருக்கு அடிச்ச பூச்சி மருந்து

எங்க ராசிங்காபுரம் பக்கம் டிடிடின்னு சொன்னா, வயசானவங்களுக்கு மலேரியாக்காரங்க வீட்டுச் சுவத்துல அடிச்ச மருந்து ஞாபகம் வரும். அதே பெயர்ல கம்ப்யூட்டருக்கும் ஒரு பூச்சி மருந்து இருந்துச்சு. ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அது. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

புரோகிராமில் வரும் பிழையை "பக்", அதாவது பூச்சி என்பார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். நம்பாதீங்க. எடிசன் 1878லேயே தன் கடிதத்தில் இந்த வார்த்தையை எழுதியிருக்கிறார்.

சரி, பூச்சியை எப்படிப் பிடித்தார்கள்?

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் ஆரம்பத்தில் எழுதிய ஒரு புரோகிராமில் 126 வரிகள். அதில் சுமார் 20 தவறுகள்! மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி சொந்தத் தவறுகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று அப்போதே உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார்.

புரோகிராம் பாதியில் நின்றால் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசிக்க முடியாது. அடுத்தவர் காத்திருப்பார். அதனால் நினைவகத்தில் இருந்ததை அச்சடித்துத் தர ஒரு தனி புரோகிராம் வைத்திருந்தார்கள். காகிதத்தோடு போய் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "போஸ்ட்மார்ட்டம்". சத்தியமா நான் வச்சது இல்லைங்க! 1951ல் ஸ்டான்லி கில் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் "டயக்னோசிஸ்" என்ற சொல்தான் இருக்கிறது.

ஆனா போஸ்ட்மார்ட்டம் காரணத்தைத்தான் சொல்லும். ஆளை எழுப்பாது.

ஏலக்காய் எஸ்டேட்டில் மருந்தடிச்சவரைத் தூக்கிட்டு வருவாங்க. வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி, நாடித்துடிப்பு குறைஞ்சிருக்கும். அட்ரோபின் போடுவோம், நெஞ்சுச் சளி குறையுதான்னு ஸ்டெத் வச்சுக் கேட்போம், திரும்பப் போடுவோம். உயிரோட இருக்கும்போதே பார்த்துப் பார்த்துச் செய்யணும். (மருந்தடிச்சு தலை சுத்தினா வீட்ல படுக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

கம்ப்யூட்டருக்கு இந்த வசதி வர இன்னும் பத்து வருஷம் ஆனது.

அமெரிக்காவின் எம்ஐடியில் டிஎக்ஸ்-0 என்றொரு கணினி. தட்டச்சு இயந்திரம் இணைத்தது. ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து முழு மெஷினையும் பயன்படுத்தலாம். ஜாக் டென்னிஸும் தாமஸ் ஸ்டாக்ஹாமும் 1960 வாக்கில் அதற்கு ஒரு டூல் எழுதி "ஃப்ளிட்" என்று பெயர் வைத்தார்கள். ஃப்ளிட் அன்று கடையில் விற்ற பூச்சி மருந்து! அடுத்து 1961ல் பிடிபி-1 கணினிக்கு வந்ததுதான் டிடிடி, "டெக் டிபக்கிங் டேப்". ஓடும் புரோகிராமை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மறுபடி ஓட விடலாம். இரண்டு டிடிடியும் வேறு வேறு பூச்சியைக் கொல்வதால் குழப்பம் வராது என்று பின்னாளில் கையேட்டிலேயே கிண்டலாக அடிக்குறிப்பு போட்டார்கள்.

வெறும் எண்ணை மறுபடி கட்டளையாக மாற்றிக் காட்டுவதும் இந்த டூல்களின் வேலை. அதுதான் டிஸ்அசெம்ப்ளி. டாஸ் காலத்து "டிபக்"கில் யூ என்று தட்டினால் போதும். டிம் பேட்டர்சன் எழுதியது.

நம்ம ஊர் காலேஜ், பாலிடெக்னிக் லேபில் 8085 கிட் வைத்துப் படித்தவர்களுக்கு யூவும் கிடையாது. விடை தப்பா வந்தா, ஒவ்வொரு முகவரியா அழுத்தி, சின்ன டிஸ்ப்ளேயில் 3இ, 05, 76 என்று வருவதை அட்டவணையோடு ஒப்பிட்டு, "ஏ-ல 5 போடு, நில்லு" என்று தாங்களே வாசிக்கணும்.

உங்க வீட்ல ஈசிஇ படிச்ச அண்ணனோ அக்காவோ இருந்தா, 3இ-ன்னா என்னன்னு கேட்டுட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க.